மூன்று பேர், ஒரு குரல்

அயர்லாந்திலிருந்து கிளம்பி உலகச் சந்தையை வென்ற இசைக்காரர்களில் முதலிடம் யூ2 குழுவுக்கு. நாலு பேர், மின் கிட்டார்கள், விளையாட்டு மைதானம் கொள்ளாத கூட்டம், மாதக்கணக்கில் நீளும் உலகச் சுற்றுப்பயணம். இரண்டாம் இடத்தில் இருப்பவர் ஒற்றைப் பெண். பெயர் என்யா. அவருடைய இசைத்தட்டுகள் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றிருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் தனிப் பாடகியாக அவர் ஒரு சுற்றுப்பயணம்கூடப் போனதில்லை. புது ஆல்பம் வந்ததும் பேருந்தில் வாத்தியங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் டிக்கெட் விற்றுப் பாடுவதுதான் மேற்கத்திய பாப் உலகின் பிழைப்பு. அந்த வழிப் பக்கமே போகாமல் ஒருவர் இவ்வளவு தூரம் வந்தது எப்படி?

பதிலின் முதல் பாதி டொனகல் மாவட்டத்தில் இருக்கிறது. அயர்லாந்தின் வடமேற்கு மூலை அது. அட்லாண்டிக் காற்று நேராக வந்து மோதும் பாறைக் கரை. அங்கே குவீடோர் என்ற பகுதியில் இன்றும் வீட்டுப் பேச்சு ஐரிஷ் மொழியில்தான். நாட்டின் பெரும்பகுதி ஆங்கிலத்துக்கு மாறிய பிறகும் தாய்மொழியை விடாமல் வைத்திருக்கும் சில பகுதிகளில் குவீடோர் ஒன்று. 1961 மே 17 அன்று பிரென்னன் குடும்பத்தில் என்யா பிறந்தது அங்கேதான். ஐரிஷ் எழுத்துக்கூட்டலில் அவர் பெயரை வெளியூர்க்காரர்கள் வாசிப்பது சிரமம் என்பதால், காதில் விழுகிறபடியே ‘என்யா’ என்று எழுதும் பழக்கம் பிற்பாடு வந்தது.

வீட்டில் எல்லோருக்கும் இசை. அப்பா லியோ ஒரு நடன இசைக்குழுவை நடத்தியவர். 1960களின் கடைசியில் மீனலெக் என்ற சிற்றூரில் ஒரு மதுக்கடை வாங்கி ‘லியோஸ் டேவர்ன்’ என்று பெயர் வைத்தார். மாலையானால் அங்கே பாட்டுதான். அம்மா பள்ளியில் இசை ஆசிரியை. தேவாலயப் பாடகர் குழுவையும் அவரே பயிற்றுவித்தார். ஒன்பது பிள்ளைகள். மூத்தவர்கள் மோயா, கியரன், போல் மூவரும், அம்மாவின் இரட்டைத் தம்பிகள் நோயல், பாட்ரிக் இருவரும் சேர்ந்து 1970இல் தொடங்கிய குழுதான் ‘கிளானட்’. ஊர்ப்புறத்து ஐரிஷ் பாடல்களைத் தேடிப் பிடித்து, அவற்றுக்குப் புதிதாக வாத்தியம் சேர்த்துப் பாடிய குழு அது. ஐரிஷில் பாடினால் எடுபடாது என்று சொன்னவர்களைப் பொருட்படுத்தாமல் ஐரோப்பா முழுக்கப் போய் வந்தார்கள்.

என்யா கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதிப் பள்ளியில் படித்தவர். பியானோவில் மேற்கத்திய செவ்வியல் இசை கற்று, பியானோ ஆசிரியையாகலாம் என்றுதான் நினைத்திருந்தார். 1980இல் கிளானட்டில் சேரும்படி அழைப்பு வந்தது. அழைத்தவர் குழுவின் மேலாளரும் ஒலிப்பொறியாளருமான நிக்கி ரயன். கீபோர்டும் பின்குரலுமாக இரண்டு ஆண்டுகள் அண்ணன், அக்கா, மாமாக்களோடு ஊர் ஊராகப் போனார். அந்தக் குழுவில் அவர் கடைக்குட்டி. தனக்கென்று ஒரு பாட்டு இல்லை. முன்னால் நிற்கும் வாய்ப்பும் இல்லை.

1982இல் நிக்கிக்கும் குழுவுக்கும் இடையே பிணக்கு வந்து அவர் வெளியேறினார். என்யாவும் அவரோடு வெளியேறினார். இருபத்தோரு வயதில், சொந்தக் குடும்பத்தின் குழுவை விட்டு, வருமானத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லாமல் எடுத்த முடிவு. அந்தச் சமயத்தில்தான் கிளானட்டின் ‘தீம் ஃப்ரம் ஹாரிஸ் கேம்’ பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடத்துக்கு ஏறி, குழுவுக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. உடன்பிறந்தவர்கள் தொலைக்காட்சியில் தோன்றிக்கொண்டிருந்தபோது தங்கை டப்ளினில் குழந்தைகளுக்குப் பியானோ வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

டப்ளினின் வடபுறப் புறநகர் ஆர்ட்டேன். அங்கேதான் நிக்கியும் அவர் மனைவி ரோமாவும் குடியிருந்தார்கள். என்யா அந்த வீட்டுக்கே குடிவந்தார். வீட்டுத் தோட்டத்தில் இருந்த கொட்டகையைச் சிறு ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றினார்கள். போட்ட பணத்தை எடுக்க அதை மற்ற இசைக்கலைஞர்களுக்கு வாடகைக்கும் விட்டார்கள். இந்த மூன்று பேரின் வேலைப் பங்கீடு அன்று அமைந்தது. பல பத்தாண்டுகளாக மாறவேயில்லை. பியானோ முன்னால் உட்கார்ந்து மெட்டுப் போடுவது என்யா. அதைப் பதிவு செய்து, குரல்களை அடுக்கி, ஒலிக்கு உருவம் கொடுப்பது நிக்கி. மெட்டைக் கேட்டுவிட்டுப் பாட்டு எழுதுவது ரோமா. அட்டையில் ஒரே பெயர்தான் அச்சாகிறது. ஆனால் அந்தப் பெயரில் வெளியாகும் இசை மூவருடையது. என்யாவே பேட்டிக்குப் பேட்டி இதைச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள்தான் அதிகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நிக்கிக்கு வெகுநாளாக ஓர் ஆசை. அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ஒரே பாட்டில் வாத்தியத்தின் மேல் வாத்தியமாகச் சேர்த்துச் சுவர்போல் ஒலியை எழுப்பியவர். அவர்மேல் நிக்கிக்குப் பெரும் மதிப்பு. வாத்தியங்களுக்குப் பதிலாக மனிதக் குரலை வைத்து அதைச் செய்தால் என்ன? அதுவும் ஒரே மனிதரின் குரலை? கிளானட்டில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. தோட்டத்துக் கொட்டகையில் கிடைத்தது.

செய்முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். என்யாவின் கலை முழுவதும் அதில்தான் இருக்கிறது. அவர் ஒரு வரியைப் பாடுவார். நாடாவைப் பின்னுக்கு ஓட்டி, அதைக் கேட்டுக்கொண்டே அதே வரியை அதே சுருதியில், அதே மூச்சில் மறுபடி பாடுவார். பிறகு மறுபடி. பிறகு மேல்ஸ்தாயியில் ஒரு வரிசை, கீழ்ஸ்தாயியில் ஒரு வரிசை, நடுவில் ஒத்திசையும் சுரங்களில் இன்னொரு வரிசை. சில பாட்டுகளில் இப்படி நூற்றுக்கணக்கான பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. ஒரு முறை பாடியதை இயந்திரத்தில் நூறு முறை நகலெடுத்தால் வேலை சுலபம். ஆனால் நகல்கள் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதால் சேரும்போது சத்தம் கூடுமே தவிர, அகலம் வராது. ஒவ்வொரு முறையும் மனிதர் பாடும்போது சுருதியில் மயிரிழை வித்தியாசம் விழும். வார்த்தை தொடங்கும் கணம் இம்மியளவு முந்தும், பிந்தும். அந்தச் சின்னஞ்சிறு வித்தியாசங்கள்தான் ஒரு பெண்ணின் குரலைப் பெரிய பாடகர் குழுவாகக் கேட்க வைக்கின்றன. ஒரே நூலைப் பொறுமையாக நூறு முறை ஓட்டி நெய்த துணி மாதிரி.

அவர் ஏன் மேடைக்கு வருவதில்லை என்ற கேள்விக்கும் இதிலேயே பாதி விடை உண்டு. நூறு என்யாக்களை எந்த மேடையில் நிறுத்துவது? வேறு பாடகர் குழுவை வைத்துப் பாடலாம். ஆனால் அது வேறு ஒலி. மீதிப் பாதி அவர் சுபாவம். கூட்டத்தின் நடுவில் இருப்பதைவிட ஒலிப்பதிவு அறையில் இருப்பதே அவருக்குப் பிடித்திருந்தது.

தொடக்கத்தில் வந்தவை சிறு வேலைகள். தயாரிப்பாளர் டேவிட் புட்னம் அவர் இசையைக் கேட்டு ‘தி ஃப்ராக் பிரின்ஸ்’ என்ற படத்துக்கு இசையமைக்கச் சொன்னார். பிறகு பிபிசி ‘தி கெல்ட்ஸ்’ என்ற ஆவணத் தொடர் எடுத்தது. ஒரு பகுதிக்கு மட்டும் என்று தொடங்கிய பேச்சு, அனுப்பிய இசையைக் கேட்ட பிறகு தொடர் முழுவதற்கும் என்று ஆனது. அந்த இசையிலிருந்து தொகுத்ததுதான் 1987இல் ‘என்யா’ என்ற பெயரிலேயே வந்த முதல் ஆல்பம். அதில் ‘பொடிசியா’ என்று ஒரு சிறு துண்டு. ரோமானியரை எதிர்த்துப் போரிட்ட பழங்கால பிரிட்டனின் அரசியைப் பற்றியது. வார்த்தையே கிடையாது. வாயை மூடிக்கொண்டு என்யா முனகும் மெட்டு, அடியில் கனமாக நகரும் ஒரு சின்தசைசர் ஒலி, அவ்வளவுதான். மூன்றரை நிமிடம். இதன் கதை பிறகு எங்கெங்கோ போகிறது.

அந்த ஆல்பத்தில் மனம் விழுந்தவர் ராப் டிக்கின்ஸ், பிரிட்டனில் வார்னர் மியூசிக் நிறுவனத்தின் தலைவர். என்யாவோடு அவர் போட்ட ஒப்பந்தம் அந்தத் தொழிலில் அபூர்வமானது: இசையில் தலையீடு இல்லை, இந்தத் தேதிக்குள் முடித்துக் கொடு என்ற நெருக்கடி இல்லை. பெரிய லாபத்தை எதிர்பார்த்து அவர் அதில் இறங்கவில்லை.

‘வாட்டர்மார்க்’ ஆல்பத்துக்கான பாட்டுகளை டப்ளினில் பதிவு செய்து, பிறகு லண்டனில் ஒரினோகோ என்ற ஒலிப்பதிவுக்கூடத்தில் மறுபடி டிஜிட்டல் முறையில் பதிவு செய்தார்கள். எல்லாம் முடியும் தறுவாயில், இதில் தனியாக வெளியிடத் தோதான பாட்டு எங்கே என்று டிக்கின்ஸ் கேட்டார். அப்படிக் கடைசியில் முளைத்ததுதான் ‘ஒரினோகோ ஃப்ளோ’. தென் அமெரிக்காவில் ஓடும் அந்த ஆற்றின் பெயர் பாட்டுக்கு வந்தது ஒலிப்பதிவுக்கூடத்தின் வழியாக. கப்பலேறித் தீவு தீவாகப் போகும் பாட்டில் டிக்கின்ஸ் பெயரையும் ஒலிப்பொறியாளர் ராஸ் கல்லம் பெயரையும் ரோமா நன்றியோடு நுழைத்துவிட்டார். ரோலண்டு டி-50 சின்தசைசரில், வயலின் தந்தியை விரலால் சுண்டுவது போன்ற ஓர் ஒலி. துள்ளித் துள்ளிப் போகும் அந்தத் தொடக்கத்தை ஒரு தடவை கேட்டவர் மறக்க மாட்டார்.

1988 அக்டோபர் கடைசியில் விட்னி ஹூஸ்டனைத் தள்ளிவிட்டு அந்தப் பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மூன்று வாரம் அங்கேயே நின்றது. நடனப் பாட்டுகளும் டிரம் இயந்திரங்களும் பட்டியலை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அவற்றின் நடுவே, லத்தீனிலும் ஐரிஷிலும் பாட்டுகள் கொண்ட ஓர் ஆல்பத்திலிருந்து வந்த பாட்டு இது. என்யாவின் வாழ்க்கை ஒரே மாதத்தில் மாறிவிட்டது. மாறாதது வேலை செய்யும் விதம். வெற்றி சூட்டோடு சூடாக அடுத்ததை வெளியிடு என்று எந்த நிறுவனமும் விரட்டும். என்யா மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்.

1991இல் வந்தது ‘ஷெப்பர்ட் மூன்ஸ்’. பிரிட்டனில் முதலிடம் பெற்ற ஆல்பம். அவருக்கு முதல் கிராமி விருதைத் தந்ததும் அதுவே. அதில் ‘மார்பிள் ஹால்ஸ்’ என்றொரு பாட்டு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டப்ளினில் பிறந்த மைக்கேல் பால்ஃப் ஓர் ஆபராவுக்காக எழுதிய பழைய மெட்டு. என்யா பாடியதை இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி ‘தி ஏஜ் ஆஃப் இன்னசன்ஸ்’ படத்தில் பயன்படுத்தினார். 1995இல் ‘தி மெமரி ஆஃப் ட்ரீஸ்’, இரண்டாவது கிராமி. ‘டைட்டானிக்’ படத்துக்கு இசையமைக்க ஜேம்ஸ் கேமரூன் முதலில் விரும்பியது என்யாவை. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னர் ஜேம்ஸ் ஹார்னர் போட்ட இசையில், வார்த்தையில்லாமல் மிதக்கும் பெண்குரலைக் கேட்டால் என்யாவின் நிழல் தெரியும்.

1997இல் டப்ளினுக்குத் தெற்கே, கடலைப் பார்த்த கில்லினி பகுதியில் விக்டோரியா காலத்துக் கோட்டை ஒன்றை ஏலத்தில் வாங்கினார். டாஃப்னி டு மோரியரின் ‘ரெபெக்கா’ நாவலில் வரும் மாளிகையின் பெயரான ‘மான்டர்லி’யை அதற்குச் சூட்டினார். கோட்டையில் தனியாக வாழும் மர்மப் பெண் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. ஒரு பெண் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதில் இவ்வளவு மர்மம் தேட வேண்டியதில்லை. அத்துமீறிப் பின்தொடர்ந்தவர்களால் அவர் பட்ட தொல்லை உண்மையானது. 2005இல் அந்த வீட்டுக்குள்ளேயே ஆள் புகுந்தார்.

2000ஆம் ஆண்டின் ‘எ டே வித்தவுட் ரெயின்’ ஆல்பத்தில் ‘ஒன்லி டைம்’ இருக்கிறது. வெளிவந்தபோது நல்ல பெயர் வாங்கிய மெல்லிய பாட்டு, அவ்வளவே. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அது வேறொன்றாக ஆனது. நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த காட்சிகளுக்குப் பின்னணியாக அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அந்தப் பாட்டை ஓடவிட்டன. வானொலிகளில் நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். யாரையும் தேற்ற முயலாத பாட்டு அது. எதிர்காலம் யாருக்குத் தெரியும் என்ற கேள்வியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. துக்க வீட்டில் ஆறுதல் சொல்லத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்தான் சில சமயம் பெரிய ஆறுதல். அந்த வாரங்களில் அமெரிக்கர்கள் இந்தப் பாட்டைத் தேடிப்போனதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அது பில்போர்ட் பட்டியலில் பத்தாம் இடம்வரை போனது. சிறப்புப் பதிப்பு ஒன்றை வெளியிட்டு, அதன் வருமானத்தைத் தீயணைப்பு வீரர்களின் குடும்பங்களுக்கு என்யா கொடுத்தார். ஆல்பம் ஒன்றரைக் கோடிப் பிரதிகள் அளவுக்கு விற்று, அவருடைய ஆல்பங்களிலேயே அதிகம் விற்றது என்ற இடத்தைப் பிடித்தது.

அதே ஆண்டு ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதல் படம். இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அழைக்க, என்யா நியூசிலாந்து போய் முழுமையாகாத படத்தைப் பார்த்துவிட்டு வந்து ‘மே இட் பி’ பாட்டை அமைத்தார். நாவலாசிரியர் டோல்கியன் தன் கதைமாந்தருக்காகவே இலக்கணத்தோடு உருவாக்கிய மொழிகளில் ஒன்றைப் படித்து, ஆங்கிலத்தோடு கலந்து வரிகள் எழுதினார் ரோமா. ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. 2002 மார்ச்சில் ஆஸ்கர் மேடையில் என்யா நேரில் நின்று பாடினார். விருது வேறு பாட்டுக்குப் போயிற்று.

ரோமாவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். என்யாவின் பாட்டுகளில் ஐரிஷ், லத்தீன், வெல்ஷ், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழி எல்லாம் வருகின்றன. மெட்டு முதலில் பிறந்துவிடுவதால், எந்த மொழியின் ஓசை அதில் சரியாக உட்காரும் என்பதே அவர்களுக்குக் கேள்வி. 2005இன் ‘அமரன்டைன்’ ஆல்பத்தில் ஒரு மெட்டுக்கு எந்த மொழியும் ஒத்துவரவில்லை. டோல்கியன் அனுபவம் கைகொடுக்க, ரோமா புதிதாக ஒரு மொழியையே உண்டாக்கினார். ‘லாக்ஸியன்’ என்று அதற்குப் பெயர். அந்த ஆல்பத்தில் மூன்று பாட்டுகள் அதில் அமைந்தன. பாப் இசையின் பெரும்புகழ் வட்டத்துக்குள் இருந்துகொண்டு ஒரு கவிஞர் இப்படிச் செய்ததைத் தமிழ்ப் பாடலாசிரியர்கள் ரசிப்பார்கள் என்று தோன்றுகிறது. அந்த ஆல்பத்துக்குக் கிடைத்தது நான்காவது கிராமி.

நான்கு கிராமிகளும் ‘நியூ ஏஜ்’ பிரிவில். அந்தப் பெயர்ப்பலகை என்யாவுக்கு உடன்பாடானது இல்லை. மசாஜ் நிலையத்திலும் லிஃப்டிலும் ஓடுகிற இசை என்று விமர்சகர்கள் பல காலம் அவரை ஒதுக்கிவைத்தார்கள். இது அநியாயம். பின்னணியில் மெல்ல ஓடவிட்டுக் கேட்டால் எந்த இசையும் தாலாட்டுதான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கும்போது, குழைவான மேற்பரப்புக்கு அடியில் தேவாலயப் பாடகர் குழுவும் டொனகல் நாட்டுப்பாடலும் பியானோ வகுப்பும் தெளிவாகத் தெரியும். சுலபமாகக் காதில் நுழைவதாலேயே ஒன்றைச் சுலபமாகச் செய்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

2008இல் குளிர்கால ஆல்பம் ‘அண்ட் விண்டர் கேம்’. அதன்பின் ஏழு ஆண்டு இடைவெளி. 2015இல் ‘டார்க் ஸ்கை ஐலண்ட்’. ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் சார்க் தீவைக் குறிக்கும் தலைப்பு. கார் ஓடாத, தெருவிளக்கு இல்லாத அந்தத் தீவு, இரவு வானத்தின் இருளைக் காப்பாற்றியதற்காக 2011இல் அங்கீகாரம் பெற்றது. மொத்தம் எட்டு ஆல்பங்கள். அதற்குப் பிறகு புதிது வரவில்லை.

பழையவை தாமாகவே வேலை செய்துகொண்டிருக்கின்றன. 2013இல் வால்வோ லாரி விளம்பரம் ஒன்றில், பின்னோக்கி ஓடும் இரண்டு லாரிகளின் கண்ணாடிகள்மேல் கால் வைத்து நடிகர் ஷான் க்ளோட் வான் டாம் மெல்ல மெல்லக் கால்களை விரித்தார். பின்னணியில் ‘ஒன்லி டைம்’. கோடிக்கணக்கானோர் பார்த்ததில் பதின்மூன்று வயதான பாட்டு அமெரிக்கப் பட்டியலுக்குள் மறுபடி நுழைந்தது. 2017இல் ஒரினோகோ ஆற்றுப் படுகையில் கண்டறிந்த புது மீன் இனத்துக்கு விலங்கியலாளர்கள் என்யாவின் பெயரை வைத்தார்கள்.

எல்லாவற்றிலும் விசித்திரமான பயணம் ‘பொடிசியா’வுடையது. 1996இல் அமெரிக்க ராப் குழு ‘ஃபியூஜீஸ்’ அந்த முனகலை எடுத்து ‘ரெடி ஆர் நாட்’ பாட்டுக்கு அடித்தளமாக்கியது. அனுமதி கேட்கவில்லை. வழக்குவரை போகவிருந்த விஷயம் பேச்சுவார்த்தையில் தீர்ந்து, என்யாவுக்கு உரிய அங்கீகாரம் கிடைத்தது. 2004இல் மேரியோ வினன்ஸ் அதே அடித்தளத்தின் மேல் ‘ஐ டோன்ட் வான்ன நோ’ என்ற காதல் பாட்டைக் கட்டினார்; இம்முறை இசைத்தட்டின் முகப்பிலேயே என்யா பெயர் வந்தது, பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 2022இல் மெட்ரோ பூமின், தி வீக்எண்ட், 21 சாவேஜ் மூவரும் அந்தப் பாட்டை ‘க்ரீப்பின்’ என்று புதுப்பித்தார்கள். அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம். கெல்ட் இனத்தாரின் வரலாற்றைச் சொல்ல பிபிசி கேட்டதற்காகப் போட்ட மெட்டு, முப்பத்தைந்து ஆண்டு கழித்து அட்லாண்டா ராப் இசையில் ஒலித்தது. ‘க்ரீப்பின்’ பாட்டை எழுதியவர்களின் நீண்ட பட்டியலில் என்யாவோடு நிக்கி ரயன், ரோமா ரயன் பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன.